முறுக்கு என்று எழுதியிருந்தோம், சக்லி என்று தேடினார்கள்: தாராவிப் பட்டறை ஒன்றின் இணையதளக் கணக்கு

தாராவியில் 90 அடி சாலையிலிருந்து உள்ளே பிரியும் சந்து ஒன்றில் அந்தப் பட்டறை இருக்கிறது. விடியும் முன்பே கடாயில் எண்ணெய் காய ஆரம்பித்துவிடும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு தலைமுறையாக முறுக்கு பிழிகிற குடும்பம். சயான், மாஹிம், தாதர் கடைகளுக்கு மொத்த வியாபாரிகள் வழியாகச் சரக்குப் போகும். 2020 ஊரடங்கில் கடைகளும் லோக்கல் ரயிலும் ஒன்றாக நின்றபோது, போட்ட சரக்கை எப்படி விற்பது என்று தெரியாமல் தவித்திருக்கிறார்கள். அப்போது வீட்டு மருமகன் ஒரு இணையதளம் போட்டார். தளத்திலேயே பணம் கட்டி வாங்கும் வசதி கிடையாது. பொருளைப் பார்க்கலாம், விலைப்பட்டியலை இறக்கலாம், போன் பண்ணலாம், வாட்ஸ்அப்பில் கேட்கலாம். அவ்வளவுதான்.

பட்டறையை நடத்தும் பெரியவரை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். அவர் என்னைக் கூப்பிட்டது 2024 ஜூலையில். இணையதளங்களுக்கு யார் வருகிறார்கள், வந்து என்ன செய்கிறார்கள் என்று கணக்குப் பார்ப்பது என் தொழில். வீடு சயானில், நடந்தே போய்விடலாம். டீ வந்ததும் அவர் கேட்டது இதுதான்: "தம்பி, மாசாமாசம் ஆளு கூடுதுன்னு மருமவன் பேப்பரக் காட்டுதாரு. போன் மட்டும் கூடலியே. வந்தவனெல்லாம் எங்க போறான்?"

அந்தக் கேள்விக்கு ஜூலை முதல் நவம்பர் வரை பதில் தேடினோம். நடுவில் கணேஷ் சதுர்த்தி வந்தது, அக்டோபர் 31 தீபாவளி. குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி பட்டறையின் பெயரையும் வியாபாரத் தொகையையும் இங்கே எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், சரியாகச் செய்ததையும் தவறவிட்டதையும் சேர்த்து.

முதலில் எங்களையே கழித்தோம்

மருமகன் காட்டிய தாள், தளத்துக்கு வருவோரை எண்ணித்தரும் கூகுள் அனலிடிக்ஸ் என்ற கருவியிலிருந்து எடுத்தது. வருகை உண்மையாகவே ஏறியிருந்தது. ஆனால் மும்பை வருகையில் பெரும்பங்கு ஒரே மாதிரி இருந்தது: பகல் நேரம், கம்ப்யூட்டர், முகப்புப் பக்கம், அப்புறம் விலைப் பக்கம், உடனே வெளியே. பட்டறையின் முன்னறையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தபோதே காரணம் தெரிந்துவிட்டது. பில் போடும் பையன் விலை பார்க்கத் தளத்தைத்தான் திறக்கிறான். கேட்கிறவர்களுக்கு லிங்க் அனுப்பும் முன் அக்கா (அண்ணாச்சியின் மூத்த மகள்) ஒரு தடவை திறந்து சரிபார்க்கிறார். புதுப் படம் ஏற்றினால் மருமகன் பத்துத் தடவை திறந்து பார்க்கிறார். ஏறிய வருகையில் ஒரு பெரிய துண்டு பட்டறையே தன்னைப் பார்த்துக்கொண்டது.

அனலிடிக்ஸில் சொந்த ஆட்களின் வருகையை நீக்க ஒரு வடிகட்டி உண்டு. எந்த ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பின் அடையாள எண்) வருவது நம்முடையது என்று சொல்லிவிட்டால் அதைத் தனியே பிரித்துவிடும். மருமகன் அதை ஏற்கெனவே போட்டிருந்தார். இரண்டு சிக்கல். ஒன்று, அந்த வடிகட்டியை உருவாக்கும்போது அது சோதனை நிலையில்தான் இருக்கும். நாமாகப் போய் இயங்கும் நிலைக்கு மாற்றினால்தான் வேலை செய்யும். அவர் மாற்றவில்லை. இரண்டாவது, பட்டறை பிராட்பேண்டின் ஐபி அடிக்கடி மாறும், வீட்டு ஆட்களின் கைப்பேசிகள் அந்த இணைப்பிலேயே இல்லை. ஆகவே வேறு வழி செய்தோம். யாருக்கும் தெரியாத ஒரு பக்கத்தைத் தளத்தில் வைத்து, வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவியிலும் அதை ஒரு தடவை திறந்தோம். அந்தக் கருவியில் ஒரு குக்கீ, அதாவது உலாவியில் தங்கும் சிறு அடையாளக் குறிப்பு, உட்காரும். அதன்பின் அங்கிருந்து போகும் ஒவ்வொரு தகவலிலும் 'உள் வருகை' என்ற குறி ஒட்டிக்கொள்ளும்.

இந்த வடிகட்டி முன்தேதிக்கு வேலை செய்யாது. போட்ட நாளிலிருந்துதான். ஆகவே ஜூலைக்கு முந்தைய வருகை எண்ணிக்கை எதையும் இந்த ஆய்வில் நான் பயன்படுத்தவில்லை. அந்த ஏறுமுகக் கோட்டை மருமகன் ஆசையோடு பாதுகாத்து வைத்திருந்தார். அதை ஒதுக்கிவைக்கச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

கழித்த பின்னும் மிச்சமிருக்கும் எண் 'ஆள்' எண்ணிக்கை ஆகிவிடாது. அனலிடிக்ஸ் எண்ணுவது உலாவியில் உட்கார்ந்திருக்கும் குக்கீயை. ஒரே கடைக்காரர் கைப்பேசியில் ஒரு தடவை, கடைக் கம்ப்யூட்டரில் ஒரு தடவை பார்த்தால் இரண்டு பேர். ஐபோனின் சஃபாரி, தளம் ஸ்கிரிப்ட் மூலம் வைக்கும் இந்த வகைக் குக்கீயை 7 நாளில் அழித்துவிடுவதால், பத்து நாள் கழித்து வரும் பழைய வாடிக்கையாளரும் புது ஆளாகவே தெரிவார். ஒரு தடவை வந்து பார்ப்பதை அமர்வு என்பார்கள்; 30 நிமிடம் ஒன்றும் செய்யாமல் இருந்தால் அது முடிந்ததாகக் கணக்கு. 10 நொடிக்கு மேல் நின்றாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ, நாம் முக்கியம் என்று குறித்த ஒரு செயலைச் செய்தாலோ 'ஈடுபாட்டுள்ள அமர்வு'. இதை விளக்கியபோது அண்ணாச்சி, "சந்துல போறவன் கடைய எட்டிப் பாக்கான், அதயும் எண்ணுதாவ, அப்படித்தானே?" என்றார். அப்படித்தான். அதனால் எட்டிப் பார்த்தவரை விட்டுவிட்டு, உள்ளே காலெடுத்து வைத்தவரை எண்ண முடிவு செய்தோம்.

தொட்டால் ஒன்றும் நடக்காத எண்

பட்டறைக்கு வேண்டியது மூன்று செயல்கள்: போன், வாட்ஸ்அப், விலைப்பட்டியல். இதில் பிடிஎஃப் இறக்குவதையும் வேறு தளத்துக்குப் போகும் லிங்கைச் சொடுக்குவதையும் இன்றைய அனலிடிக்ஸ் தானாகவே பதிந்துகொள்ளும். வாட்ஸ்அப் லிங்க் வெளித் தளம் என்பதால் அதுவும் வந்துவிட்டது. போன் எண்ணைத் தொடுவது தானாகப் பதியாது. எதை எண்ணுவது என்று அனலிடிக்ஸுக்குச் சொல்லும் டேக் மேனேஜர் என்ற கருவியில், 'டெல்' என்று தொடங்கும் லிங்கைத் தொட்டால் ஒரு நிகழ்வு போகும்படி நாமே அமைக்க வேண்டும். அமைத்தேன். மூன்று நாள் காத்திருந்தேன். பூஜ்யம்.

ஏதோ தப்பாக அமைத்துவிட்டேன் என்று நினைத்து தொடுதல் வந்து சேருகிறதா என்று உடனுக்குடன் காட்டும் டீபக் பார்வையில் என் போனை வைத்துச் சோதித்தேன். அப்போதுதான் உறைத்தது. முகப்பின் மேலே பெரிதாகத் தெரிந்த போன் எண் எழுத்தே அல்ல, படம். பேனர் படத்துக்குள் அழகான எழுத்தில் எண்ணை வரைந்து வைத்திருந்தார்கள். தொட்டால் ஒன்றும் நடக்காது. நகலெடுக்கவும் முடியாது.

மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது. வந்தவர் பக்கத்தில் எங்கே தொட்டார், எவ்வளவு தூரம் இறங்கினார் என்பதை வெப்பப் படமாகக் காட்டும். தனித்தனி அமர்வுகளின் ஓட்டத்தையும் பதிந்து வைக்கும். தொட்டும் எதுவும் நடக்காத தொடுதலைச் 'செத்த சொடுக்கு' என்று தனியே பிரித்துக் காட்டும். அதைப் போட்ட ஒரே வாரத்தில் முகப்புப் பக்கத்தின் வெப்பப் படம் வந்தது. பக்கம் முழுவதிலும் ஆகச் சிவப்பான இடம் அந்தப் படத்திலிருந்த போன் எண். ஒரு பதிவில் ஒருவர் அதை ஐந்து தடவை தொடுகிறார், கீழே இறங்கி வேறு எண் இருக்கிறதா என்று தேடுகிறார், மேலே வந்து இன்னொரு தடவை தொடுகிறார், போய்விடுகிறார்.

அந்தப் பதிவை அண்ணாச்சிக்குப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "ஆர்டர் கொடுக்க வந்தவம்லா அவன்" என்றார். நான் காட்டிய எந்த வரைபடமும் அவரை இப்படித் தொடவில்லை.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் எண்ணை நிஜ எழுத்தாக, தொட்டால் அழைக்கும் லிங்காக மாற்றி, கைப்பேசித் திரையில் கீழே ஒட்டியபடி நிற்கும் பட்டையில் போன், வாட்ஸ்அப் இரண்டையும் வைத்தோம். அன்றிலிருந்துதான் உருப்படியான கணக்கு தொடங்குகிறது.

விலைப்பட்டியல் கதையும் இதே வகைதான். ஏ4 தாளில் மூன்று பத்தியாக அடித்த பிடிஎஃப். இறக்கியவர்கள் நிறைய, இறக்கிய பின் தளத்தில் வேறெதையும் தொட்டவர்கள் மிகக் குறைவு. பிடிஎஃப் திறந்த பின் அதற்குள் நடப்பது அனலிடிக்ஸுக்குத் தெரியாது. நானே என் போனில் திறந்து பார்த்தேன்: பெரிதாக்கி, இடம் வலம் நகர்த்தி, கிலோ விலை எந்தப் பத்தியில் என்று தேடினேன். விலையைச் சாதாரணப் பக்கமாகவே எழுதிப்போட்டோம்.

நேரடி வருகை என்ற இருட்டறை

எங்கிருந்து வந்தார்கள் என்ற அறிக்கையில் பாதிக்கு மேல் 'நேரடி' என்று இருந்தது. முகவரியை மனப்பாடமாகத் தட்டி வந்தவர்கள் என்று மருமகன் நினைத்திருந்தார். இந்தப் பட்டறையின் முகவரியை அப்படி யாரும் தட்ட மாட்டார்கள், அது 24 எழுத்து. எங்கிருந்து வந்தது என்ற தகவல் இல்லாமல் வரும் எல்லாமே 'நேரடி'யில்தான் விழும். வாட்ஸ்அப்பில் தொட்டு வரும் லிங்க் பெரும்பாலும் அப்படித்தான் வரும். மும்பையில் சின்ன வியாபாரம் முழுக்க வாட்ஸ்அப்பில் ஓடும்போது, அந்த இருட்டறைக்குள் இருப்பது யார் என்று தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது.

இதற்கு மருந்து, எங்கிருந்து வந்தது என்று சொல்ல லிங்கின் வாலில் ஒட்டும் யூடிஎம் குறிகள். இந்தப் பெயரில் இருக்கும் 'யூ' அர்ச்சின் என்ற நிறுவனத்தைக் குறிப்பது. கூகுள் 2005இல் அதை வாங்கி, அதே ஆண்டு நவம்பரில் கூகுள் அனலிடிக்ஸ் என்று வெளியிட்டது. குறியின் பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அக்கா அனுப்பும் லிங்குக்கு ஒரு குறி, விற்பனைக்குப் போகும் இரண்டு பையன்களுக்கு ஒவ்வொரு குறி, பாக்கெட்டின் பின்னால் அச்சடித்த கியூஆர் கோடுக்கு ஒரு குறி. எல்லாமே சிறிய எழுத்தில்தான் என்று கறாராகச் சொன்னேன். அனலிடிக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு; கவனிக்காவிட்டால் ஒரே வாட்ஸ்அப் நாலு வரியாகப் பிரிந்து நிற்கும். தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் லிங்கில் இந்த வால் கூடவே கூடாது, வந்த வழியை அது குழப்பிவிடும்.

மூன்று வாரத்தில் இருட்டறை பாதியானது. பாக்கெட்டிலிருந்த கியூஆர் கோடு வழியாக வந்தவர்கள் எண்ணிக்கையில் சிலர்தான். ஆனால் போனைத் தொடுவதில் அவர்களே முதல். யோசித்தால் வியப்பில்லை, தின்று பார்த்தவர்கள் அவர்கள். அண்ணாச்சி பாக்கெட்டில் அந்தக் கோடைப் பெரிதாக்கச் சொன்னார்.

சக்லி

இனி எழுதப்போவதுதான் இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது.

தளத்தின் மேல் மூலையில் ஒரு தேடல் பெட்டி இருந்தது. இதைப்போல வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டிய தளங்களில் தேடினால் முகவரியின் வாலில் 'எஸ்' என்ற எழுத்தோடு தேடிய சொல் ஒட்டிக்கொள்ளும். அனலிடிக்ஸ் அதைத் தானாகவே எடுத்து வைக்கும். அறிக்கை எப்போதும் அங்கேயே இருந்திருக்கிறது, யாரும் திறந்து பார்க்கவில்லை. திறந்தேன். ஆங்கில எழுத்தில் நாலு விதமாகவும் நாகரி எழுத்திலும் முறுக்குக்கு மும்பையில் வழங்கும் பெயர் ஒன்றே வரிசையாக நின்றது: சக்லி. சக்லி ஹோல்சேல். பாஜணி சக்லி. சக்லி ஒரு கிலோ. நான் அதே சொல்லைப் பெட்டியில் போட்டுப் பார்த்தேன். "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று வந்தது.

நாள் முழுக்கச் சக்லி பிழியும் பட்டறையின் தளத்தில், சக்லி இல்லை.

தளத்தை எழுதியபோது மருமகன் எல்லா இடத்திலும் முறுக்கு என்றே எழுதியிருந்தார். கை முறுக்கு, தேன்குழல், முள்ளு முறுக்கு. தமிழ் வீட்டுப் பிள்ளை, அப்படித்தான் எழுதுவார், அதில் பிழையில்லை. ஆனால் மும்பைக் கடைத்தெருவில் அண்ணாச்சி இத்தனை வருஷமாகச் சரக்கை விற்பது சக்லி என்ற பெயரில்தான். டெம்போவில் ஏற்றும்போதும் சக்லி, பில்லிலும் சக்லி. கடையில் பேசுகிற சொல் வேறாகவும் தளத்தில் எழுதிய சொல் வேறாகவும் இருந்திருக்கிறது.

இது தளத்துக்குள் வந்து சேர்ந்தவர்கள் கதை. வராமலே போனவர்களைத் தெரிந்துகொள்ள கூகுளின் சர்ச் கன்சோலுக்குப் போனோம். அனலிடிக்ஸ் சொல்வது வந்த பின் நடந்ததை. சர்ச் கன்சோல் சொல்வது வருவதற்கு முன் நடந்ததை. எந்தச் சொல்லைத் தேடியபோது நம் தளம் பட்டியலில் தெரிந்தது, எத்தனை தடவை தெரிந்தது, எத்தனை பேர் தொட்டார்கள், சராசரியாக எத்தனையாவது இடம். முறுக்கு சம்பந்தமான சொற்களில் முதல் பக்கத்தில் இருந்தோம், தேடுகிறவர்கள் சொற்பம். சக்லி சம்பந்தமான சொற்களில் எங்கேயோ ஐந்தாம் பக்கத்தில் கிடந்தோம். அந்தப் பக்கம் வரை யார் போவார்?

சர்ச் கன்சோல் 16 மாதத் தகவலை வைத்திருக்கும். மருமகன் தளம் போட்டபோதே அதைப் பதிவு செய்திருந்ததால் 2023 தீபாவளி அதில் முழுசாக இருந்தது. அனலிடிக்ஸில் அப்படி இல்லை. அதில் நாமே குடைந்து பார்க்கும் ஆய்வுப் பகுதிக்கான தகவல் இயல்பாக 2 மாதம்தான் தங்கும். அமைப்பில் போய் 14 மாதம் என்று மாற்ற வேண்டும். மாற்றாததால் போன தீபாவளியின் நுணுக்கமெல்லாம் போய்விட்டது. புதிதாகத் தளம் வைத்திருக்கும் யாரைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இப்போது இதைத்தான்.

2023இன் தேடல் கோடு ஒன்றைத் தெளிவாகக் காட்டியது. சக்லிக்கான தேடல் தீபாவளிக்கு முந்தைய வாரம் திடீரென்று கிளம்புவதில்லை. தசரா முடிந்த உடனே ஏறத் தொடங்குகிறது. மராட்டி வீடுகளில் தீபாவளிப் பலகாரத்தைப் பராள் என்பார்கள்: சக்லி, கரஞ்சி, சங்கர்பாளி, சிவ்டா. வீட்டில் செய்ய முடியாதவர்கள் முன்கூட்டியே யாரிடம் வாங்குவது என்று பார்க்கிறார்கள். அலுவலகத்துக்கு மொத்தமாக வாங்குகிறவர்கள் அதற்கும் முன்னால். நாங்கள் எல்லாவற்றையும் செப்டம்பர் கடைசிக்குள் முடித்தாக வேண்டும் என்பது அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் முடிவானது.

சொல்லை மாற்றுவது என்றதும் மருமகன் சுலபமாக, "முறுக்கு வர்ற இடத்துல எல்லாம் சக்லின்னு போட்டுடலாம் அண்ணே" என்றார். அண்ணாச்சி விடவில்லை. "ரெண்டும் ஒண்ணா? பாஜணி போட்டது வேற, நம்ம அரிசி மாவு வேற. பாஜணின்னு கேக்கவனுக்கு அரிசி முறுக்க அனுப்புனா அடுத்த தடவ வருவானா?" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பாஜணி என்பது அரிசி, கடலைப்பருப்பு, உளுந்து, கொத்தமல்லி, சீரகம் எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து அரைத்த மாவு. நிறமும் வாசமும் வேறு. பட்டறை இரண்டையுமே செய்கிறது. ஆகவே பெயரை மட்டும் ஒட்டாமல், பாஜணி சக்லிக்குத் தனிப் பக்கம், அரிசிச் சக்லி என்கிற முறுக்குக்குத் தனிப் பக்கம், இரண்டுக்கும் மாவில் என்ன வித்தியாசம் என்று நாலு வரி, மராட்டியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும். அண்ணாச்சி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தேடும் இயந்திரத்துக்காக எழுதிய பக்கம் என்று அதைப் பார்த்தால் யாருக்கும் தோன்றாது, அறுபது வயதுக்காரர் கடை வாசலில் நின்று விளக்குவது போலவே இருக்கும்.

தேன்குழல் பக்கத்தைத் தொடவில்லை. மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் அதைத் தேடி வரும் நம்மவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள், அவர்கள் சொல் அவர்களுக்கு வேண்டும்.

அக்காவின் நோட்டு

எண்கள் எங்கே நின்றார்கள் என்று காட்டும். ஏன் நின்றார்கள் என்பதற்கு ஆளிடம்தான் கேட்க வேண்டும். பட்டறையில் போனை எடுப்பது அக்காதான். அவரிடம் ஒரு 80 பக்க நோட்டைக் கொடுத்து, அழைக்கும் ஒவ்வொருவருக்கும் மூன்று கட்டம் நிரப்பச் சொன்னேன்: எந்த நேரம், எங்கே பார்த்துக் கூப்பிட்டார், முதலில் கேட்ட கேள்வி என்ன. மூன்றாவது கட்டம் அக்காவுக்கே பிடித்துப்போய், கேட்டதைக் கேட்டபடி எழுத ஆரம்பித்துவிட்டார்.

மூன்று வாரத்தில் அந்த நோட்டு சொன்னது: குறைந்தது எத்தனை கிலோ எடுக்க வேண்டும்? என்ன எண்ணெய்? தாணேவுக்கு அனுப்புவீர்களா? எஃப்எஸ்எஸ்ஏஐ எண் (உணவு வியாபார உரிம எண்) இருக்கிறதா? எத்தனை நாள் தாங்கும்? மறுபடி மறுபடி இதே ஐந்து. தளத்தில் இதில் ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை. கிளாரிட்டி பதிவுகளைத் திரும்ப ஓட்டினேன். விலைப் பக்கத்திலிருந்து 'எங்களைப் பற்றி'க்குப் போய், பக்கத்தின் அடிவரை இறங்கி, திரும்ப விலைக்கு வந்து, வெளியேறும் ஓட்டம் ஒன்று அடிக்கடி வரும். முதலில் பார்த்தபோது சும்மா சுற்றுகிறார்கள் என்று நினைத்தேன். நோட்டைப் படித்த பின்தான் புரிந்தது, அந்த 14 இலக்க உரிம எண்ணைத் தேடியிருக்கிறார்கள். கடைக்கு வாங்குகிறவர் உணவுப் பொருளில் முதலில் பார்ப்பது அதை. ஐந்து பதில்களையும் விலைக்கு நேர் கீழே எழுதினோம். சுத்திகரித்த எண்ணெய் என்று பொதுவாக எழுதாமல் எந்த எண்ணெய் என்று பெயரோடு எழுத வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருந்தார், நல்லது.

நோட்டும் அனலிடிக்ஸும் ஒத்துப்போகாத இடம் ஒன்றும் இருந்தது. போன் எண்ணைத் தொட்டவர்கள் கணக்கு, நோட்டில் பதிந்த அழைப்பைப்போல இரண்டு மடங்கு. தொட்ட பின் அழைக்காமல் விடுபவர்கள் எப்போதுமே உண்டு. ஆனால் இரண்டு மடங்கா? மணிவாரியாகப் பிரித்தபோது இரவு 9 முதல் 11 வரை ஒரு மேடு தெரிந்தது. அந்த நேரத்தில் அக்காவின் போன் அணைந்திருக்கும், காலை ஐந்து மணிக்கு எழுகிறவர். கடை மூடி வீட்டுக்குப் போன சின்னக் கடைக்காரர்கள் அப்போதுதான் நிதானமாகத் தேடுகிறார்கள். இரவு 8 மணிக்கு மேல் பட்டையில் போனை மறைத்து, வாட்ஸ்அப்பை மட்டும் "காலையில் பதில் சொல்கிறோம்" என்ற வரியோடு காட்டினோம். இந்த ஒரு மாற்றம் அரை மணி நேர வேலை. எடுக்கப்படாத அழைப்பு எத்தனை என்று எந்தக் கருவியும் எங்களிடம் சொல்லியிருக்காது.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாக. போனில் எடுத்த படங்களை அப்படியே ஏற்றியிருந்தார்கள். பட்டறை வைஃபையில் பிரச்சினை தெரியவில்லை. குர்லாவுக்கும் சயானுக்கும் நடுவில் லோக்கல் ரயிலில் நின்றபடி திறந்தேன், முறுக்குப் படம் வருவதற்குள் ஸ்டேஷன் வந்துவிட்டது. பக்கத்தின் முக்கியப் பகுதி தெரிய 2.5 நொடிக்குள் இருந்தால் நல்லது என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. படங்களைச் சுருக்கியதுமே அதற்குள் வந்துவிட்டது.

பிறர் தகவல்

நடுவில் என்னைத் திடுக்கிட வைத்த ஒன்றையும் எழுதியாக வேண்டும். பக்க முகவரிகளின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது 'நன்றி' பக்கம் நூற்றுக்கணக்கான வரிகளாகப் பிரிந்து கிடந்தது. விசாரணைப் படிவத்தை அனுப்பியதும் வரும் பக்கம் அது. படிவம் தவறாக அமைக்கப்பட்டு, நிரப்பியவரின் பெயரும் போன் எண்ணும் முகவரியின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு அனலிடிக்ஸுக்குள் போயிருந்தன. ஆளை அடையாளம் காட்டும் தகவலை அதற்குள் அனுப்பவே கூடாது என்பது அந்தச் சேவையின் விதி. விதி இல்லாவிட்டாலும், அரை கிலோ சக்லிக்கு விலை கேட்ட ஒரு அம்மாவின் எண் அங்கே கிடப்பது நியாயமில்லை. அன்றே படிவத்தைச் சரிசெய்து, போன தகவலை நீக்கக் கோரிக்கை வைத்தோம். கிளாரிட்டி படிவத்தில் தட்டும் எழுத்தை மறைத்தே பதிகிறது, அதையும் ஒரு தடவை உறுதி செய்துகொண்டேன். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. என்ன சேகரிக்கிறோம், எதற்கு என்று புரியும் மொழியில் தளத்தில் ஒரு பக்கம் எழுதிப்போட்டோம். இதையெல்லாம் செய்ய யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

தீபாவளி, அதற்குப் பின்

அக்டோபரில் போன் நிற்கவே இல்லை. அண்ணாச்சி மகிழ்ச்சியில் இருந்தார், எல்லாம் தளத்தால் வந்தது என்று சந்தில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தீபாவளிக்கு எப்படியும் அழைப்பு கூடும். மாற்றங்களை அடுத்தடுத்து செய்ததால் எது எவ்வளவு உதவியது என்று தனித்தனியே பிரிக்கவும் வழியில்லை. ஒரே பக்கத்தை இரண்டு விதமாகக் காட்டி எது நன்றாக ஓடுகிறது என்று சோதிப்பது பெரிய தளங்களுக்குச் சரி. இங்கே வரும் கூட்டத்துக்கு அந்தச் சோதனை முடிய மாதக்கணக்காகும், சீசன் போய்விடும்.

ஆகவே சீசனை ஒதுக்கிவிட்டு, நவம்பர் பின்பாதியை ஆகஸ்ட் பின்பாதியோடு ஒப்பிட்டேன். ஆகஸ்டில் போன் லிங்க் சரியாகிவிட்டது, மற்ற மாற்றங்கள் வரவில்லை. வருகிறவர் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. நூறு பேர் வந்தால் போனையோ வாட்ஸ்அப்பையோ தொட்டவர் ஆகஸ்டில் மூன்று பேர், நவம்பரில் ஏழு. நோட்டில் "விலை என்ன?" என்று தொடங்கும் அழைப்புகள் குறைந்து, "இருபது கிலோ வேணும், எப்ப கிடைக்கும்?" என்று தொடங்குபவை கூடியிருந்தன. எனக்கு அந்த இரண்டாவது மாற்றத்தில்தான் நம்பிக்கை அதிகம். சர்ச் கன்சோலில் பாஜணி சக்லி முதல் பக்கத்தின் அடிக்கு வந்திருந்தது. வெறும் சக்லி இன்னும் இரண்டாம் பக்கத்தில்தான்.

எடுபடாததும் உண்டு. முகப்பில் பட்டறை வேலையைக் காட்டும் ஒரு காணொளியை ஆசையோடு எடுத்துப் போட்டோம். பார்த்தவர்கள் மிகக் குறைவு, அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டதாக நோட்டில் ஒரு வரிகூட இல்லை. முகப்பிலிருந்து எடுத்து 'எங்களைப் பற்றி' பக்கத்தில் வைத்துவிட்டோம். தாணேவுக்கு அனுப்ப முடியாது என்று தெளிவாக எழுதியதும் அங்கிருந்து வந்த அழைப்புகள் நின்றன. அது நஷ்டமா என்று வீட்டில் இன்னும் பேச்சு ஓடுகிறது. டெம்போ செலவைக் கணக்குப் போட்டு மருமகன் ஒன்று சொல்கிறார், அண்ணாச்சி ஒன்று சொல்கிறார்.

அடுத்து வரவிருந்த தீபாவளி 2025 அக்டோபர் 20. 14 மாதமாக மாற்றி வைத்ததால் 2024 அக்டோபர் தகவல் அப்போதும் கையில் இருக்கும், ஆனால் இந்த ஆய்வைத் தொடங்கிய ஜூலையும் ஆகஸ்டின் பெரும்பகுதியும் அதற்குள் போய்விடும் என்று தெரிந்தது. அதனால் டிசம்பர் முதல் வாரத்தில் அந்த இரண்டு மாதத்தையும் தனித் தாள்களாக இறக்கிவைத்தேன், இனி வருவது நாள்தோறும் பிக்குவெரி என்ற கூகுளின் தகவல் கிடங்கில் தானாகச் சேரும்படி இணைத்தேன். வேலை முடித்துக் கிளம்பும்போது அக்கா புது நோட்டு ஒன்றை எடுத்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தடவை கட்டம் நான்கு. நாலாவது எதற்கு என்று கேட்டேன். "இல்லன்னு சொல்லி அனுப்புனது எதுன்னு எழுதத் தம்பி" என்றார்.